தனித்தட்டு வைக்கலாமா? சேத்துப்பட்டில் 1956-ல் கேட்கப்பட்ட ஒரு கேள்வி

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

வல்லம் ஒன்றியத்தில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அங்கிருந்து போன மழைக்காலத்தில் ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு ஓபிக்கு வந்தார். பையனுக்கு இருபத்தாறு வயசு. சென்னையில் கட்டட வேலை. மூணு மாசமா இருமல், சாயங்காலம் ஆனா காய்ச்சல், ராத்திரியில் சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. எடை 41 கிலோ. சளிப் பரிசோதனையில் காசநோய் என்று முந்தைய வாரமே உறுதியாகி, மாத்திரையும் ஆரம்பித்தாகிவிட்டது. நடக்கிறான், சாப்பிடுகிறான், மூச்சுத் திணறல் இல்லை. வீட்டிலிருந்தே மருந்து எடுக்கலாம்.

அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சார், ஆறு மாசத்துக்கு இவன இங்கயே வச்சுக்கோங்க சார். ஊட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க."

ஏன்மா என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. குடியிருப்பது வாடகை வீடு. சுகாதாரப் பணியாளர் ரெண்டு தடவை வந்து போனதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் "மாசக் கடைசியில காலி பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டார். தெருக்குழாயில் இவர் குடத்தைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். நூறு நாள் வேலையில் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார ஆளில்லை. வீட்டில் மகளுடைய கைக்குழந்தை வேறு இருக்கிறது. அதனால் இவரே மகனுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய் என்று தனியாக ஒதுக்கி மாட்டுக்கொட்டகையில் படுக்க வைத்திருக்கிறார். சொல்லும்போதே அழுதார்.

அவர் கெட்டவர் இல்லை. அந்தத் தெருக்காரர்களையும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நோயாளியை வீட்டிலிருந்து பிரித்தால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்பது ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய பெரிய டாக்டர்களே நம்பிய விஷயம். அது எவ்வளவு உண்மை என்று முதன்முதலில் முறையாகச் சோதித்துப் பார்த்த இடம் லண்டனோ நியூயார்க்கோ கிடையாது. இங்கிருந்து பஸ் ஏறினால் மூணு நாலு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சென்னை சேத்துப்பட்டு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1882-ல் ராபர்ட் காக் காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். கிருமி தெரிந்துவிட்டது, மருந்து தெரியவில்லை. அடுத்த அறுபது எழுபது வருஷம் டாக்டர்கள் கையில் இருந்தது மூன்றே மூன்று விஷயம்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. இந்த மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் இடத்துக்குப் பெயர் சானடோரியம்.

சென்னை எலெக்ட்ரிக் ட்ரெயினில் போனவர்களுக்கு "தாம்பரம் சானடோரியம்" ஸ்டேஷன் தெரியும். தினமும் அங்கே இறங்கி ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பலருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. 1928-ல் டாக்டர் சவுரி முத்து அங்கே ஆரம்பித்த காசநோய் மருத்துவமனைதான் அது. இப்போதும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கிறது.

சவுரி முத்து பற்றி ஒரு இடைச்செருகல். இவர் அதற்கு முன் இங்கிலாந்தில் மென்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். அங்கே 1917-ல் வந்து சேர்ந்த நோயாளிகளில் ஒருவர் நம் கணித மேதை ராமானுஜன். காசநோய் என்று சொல்லி அவரை ஒவ்வொரு சானடோரியமாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஜன்னலைத் திறந்து போட்டுக் குளிரில் படுக்க வைக்கும் வைத்தியம். கும்பகோணத்துப் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும் யோசிங்க. கடைசியில் ஊர் திரும்பி 1920 ஏப்ரலில், 32 வயதில், சேத்துப்பட்டில் இறந்து போனார். அவருக்கு இருந்தது காசநோயே இல்லை, கல்லீரலில் வந்த அமீபா தொற்று என்று 1990-களில் ஒரு ஆய்வாளர் வாதிட்டார். அது தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சானடோரியத்தால் சிலர் பிழைத்தார்கள். ஆனால் உள்ளே போக முடிந்தவர்கள் எத்தனை பேர்? 1950-களில் இந்தியாவில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில். படுக்கைகள் ஆயிரக்கணக்கில். பெயர் எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் நோயாளி வீட்டில்தான் இருப்பார், மருந்தில்லாமல், இருமிக்கொண்டே.

இதற்குள் மருந்துகள் வந்துவிட்டன. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின், அதன்பின் பாஸ், 1952-ல் ஐசோனியசிட். ஐசோனியசிட் விலை மலிவு, வாயால் சாப்பிடும் மாத்திரை. அப்போதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. மாத்திரைதான் கிருமியைக் கொல்கிறது என்றால் நோயாளியை எதற்குப் பெட்டியில் படுக்க வைக்க வேண்டும்? வீட்டிலேயே கொடுத்தால் என்ன?

பணக்கார நாட்டு டாக்டர்கள் பலர் தலையை ஆட்டவில்லை. அவர்கள் சொன்ன காரணங்களும் லேசுப்பட்டவை இல்லை. வீடு என்றால் என்ன வீடு? மதராஸ் சேரியில் ஒரே அறையில் ஆறேழு பேர். சாப்பாடு பத்தாது. நோயாளி ஓய்வெடுக்க மாட்டான், கூலிக்குப் போவான். மாத்திரையை ஒழுங்காகப் போட மாட்டான். எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும்.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்க. நம்ம வல்லத்து அம்மா சொன்னதும் இதைத்தான்.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கின. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை. கூடவே தேவதத்தா, ராதாகிருஷ்ணா, ராமகிருஷ்ணன், வேலு என்று நம் ஊர் டாக்டர்களும் புள்ளியியல் ஆட்களும். இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதே சேத்துப்பட்டில், அதே இடத்தில்.

அவர்கள் செய்தது எளிமையான காரியம்தான். மதராஸ் நகரத்து ஏழை நோயாளிகள், கிட்டத்தட்ட இருநூறு பேர். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை. நோயாளியும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி ஒரு முறையில் பிரித்தார்கள். ஏன் இந்தக் குலுக்கல்? டாக்டரிடம் விட்டால் மோசமாக இருப்பவரைப் பார்த்து மனசு இளகி சானடோரியத்துக்கு அனுப்புவார். அப்புறம் ரெண்டு பக்கத்தையும் ஒப்பிடவே முடியாது. இரண்டு குழுவுக்கும் ஒரே மருந்து, ஐசோனியசிட்டும் பாஸும், ஒரு வருஷம்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கட்டில், நர்ஸ், நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டில் இருந்தவர்களுக்கு அதே ஒற்றை அறை, அதே கஞ்சி, பலருக்கு அதே வேலை.

வருஷம் முடிந்து சளியைப் பரிசோதித்துப் பார்த்தபோது, சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 86 சதவீதம் பேருக்கு. இத்தனை வசதிக் குறைவுக்கும் வித்தியாசம் இவ்வளவுதான். 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது.

ஆனால் என்னைக் கேட்டால் அந்த 86-ஐயும் 92-ஐயும் விடப் பெரிய விஷயம் அடுத்த வருஷம் வந்த கட்டுரையில் இருக்கிறது. நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்த அப்பா அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் இவர்கள் தொடர்ந்து பரிசோதித்துக்கொண்டே வந்தார்கள். எக்ஸ்ரே, தோல் பரிசோதனை, எல்லாம். எதிர்பார்ப்பு என்ன? நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிய வீடுகளில் புதிதாக நோய் வருவது குறைவாக இருக்க வேண்டும். வீட்டிலேயே வைத்திருந்த வீடுகளில் கூடுதலாக இருக்க வேண்டும்.

அப்படி இல்லை. நோயாளியைப் பிரித்து வைத்ததால் குடும்பத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை.

எப்படி இது? யோசித்தால் புரியும். நம்ம பையன் மூணு மாசமா இருமினான் என்று சொன்னேன் இல்லையா? கிருமி வீட்டில் பரவியது அந்த மூணு மாசத்தில். அப்போது யாரும் தட்டை மாற்றி வைக்கவில்லை. அக்கா பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தான். நோய் கண்டுபிடித்து மாத்திரை ஆரம்பித்த பிறகு, மருந்து வேலை செய்தால், பரப்பும் தன்மை வேகமாகக் குறைகிறது. பொதுவாக இரண்டு வாரத்துக்குள் வெகுவாகக் குறைந்துவிடும். நாம் பயந்து ஒதுக்கி வைப்பது ஆபத்து குறைய ஆரம்பித்த பிறகு. கதவைப் பூட்டுவது திருடன் போன பிறகு.

தட்டு, டம்ளர் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். நுரையீரல் காசநோய் காற்றில் பரவுவது. இருமும்போது, தும்மும்போது, சத்தமாகப் பேசும்போது வெளியே வருவது காற்றில் மிதந்து அடுத்தவர் மூச்சில் போகிறது. சாப்பிட்ட தட்டில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. துணியில் இல்லை, குடத்தில் இல்லை, தெருக்குழாயில் இல்லவே இல்லை. முதல் சில வாரம் வாயை மூடி இருமணும், மாஸ்க் போடணும், ஜன்னலைத் திறந்து வைக்கணும், கைக்குழந்தை பக்கத்தில் படுக்காம இருக்கணும். அவ்வளவுதான். மாட்டுக்கொட்டகை தேவையில்லை.

செஞ்சியில் இருந்துகொண்டு கோட்டையைப் பற்றி ஒரு வரியாவது எழுதாவிட்டால் எங்க ஊர்க்காரர்கள் கோவிச்சுக்குவாங்க. 1690-லிருந்து 1698 வரை முகலாயப் படையை வெளியே நிறுத்தி வைத்த கோட்டை இது. மூன்று மலையையும் சேர்த்து இழுத்த அந்தச் சுவரைப் பார்த்திருப்பீங்க. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1761 வரை வைத்திருந்தார்கள். அந்தப் பத்துச் சொச்சம் வருஷத்தில் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்கள் இங்கே இறந்ததாகச் சொல்லப்படுவதைப் பழைய கெஜட்டியர்கள் பதிந்து வைத்திருக்கின்றன. சண்டையில் இல்லை, உடம்புக்கு ஆகாத ஊர் என்பதால். அந்தக் காலத்தில் "உடம்புக்கு ஆகாத ஊர்" என்றால் பெரும்பாலும் காய்ச்சல், அதுவும் கொசு கொண்டுவரும் காய்ச்சல் என்பது என் அனுமானம். ராஜகிரி மேல் ஏறும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். இவ்வளவு பெரிய சுவர் இருந்தும் உள்ளே வர வேண்டியது வந்துவிட்டது.

சரி, சேத்துப்பட்டுக்குத் திரும்புவோம்.

இந்த ஆய்வு வந்த பிறகு உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியமே மாறியது. ஒன்றன்பின் ஒன்றாகச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1962-ல் இந்தியா தேசிய காசநோய்த் திட்டம் தொடங்கியபோது அது வீட்டிலிருந்து வைத்தியம் பார்க்கும் திட்டமாகவே தொடங்கியது. இன்று உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடிகிறது என்றால், பெயர் தெரியாத அந்த இருநூறு மதராஸ்வாசிகள்தான் காரணம்.

இத்தோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. அதில்தான் உங்களுக்கும் எனக்கும் வேலை.

முதல் சிக்கலை வாலஸ் ஃபாக்ஸே முதலில் பார்த்தார். வீட்டில் மாத்திரை கொடுத்தால் போடுகிறார்களா இல்லையா? மையத்தின் ஆட்கள் முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். சிலர் மாத்திரையை விட்டுவிடுவது தெரிந்தது. ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. பாஸ் என்பது வயிற்றைப் புரட்டும் மருந்து, அளவும் அதிகம். அதைவிடப் பெரிய காரணம், ரெண்டு மாசத்தில் இருமல் நின்றுவிடுகிறது. நல்லா இருக்கிற மனுஷன் எதற்கு மாத்திரை போடுவான்? இதை ஃபாக்ஸ் 1958-லேயே தனிக் கட்டுரையாக எழுதினார். பிறகு சேத்துப்பட்டிலேயே இன்னொரு ஆய்வு. தினமும் நீங்களே போட்டுக்கோங்க என்பதற்குப் பதில் வாரம் இரண்டு முறை மையத்துக்கு வந்து பணியாளர் கண் முன்னால் மருந்து எடுக்கும் முறை. 1964-ல் முடிவு வந்தது: அது தினசரி முறைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. பின்னாளில் உலகமே "டாட்ஸ்" என்று அழைத்த நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. 1993-ல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலக அவசரநிலை என்று அறிவித்தபோது கையில் எடுத்த ஆயுதம் அதுதான்.

அந்த "கண் முன்னால்" என்பது யாருடைய கண்? இந்தியாவில் டாட்ஸ் வந்தபோது அந்த வேலையை நர்ஸுகள் மட்டும் பார்க்கவில்லை. அங்கன்வாடி ஊழியர், பெட்டிக்கடைக்காரர், ஏற்கெனவே காசநோய் வந்து குணமானவர் என்று ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். டீக்கடைக்கு வரும் வழியில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் போவது. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கலும் உண்டு. "கண்காணிப்பு" என்ற சொல்லே போலீஸ் வேலை மாதிரி இருக்கிறது. சில இடங்களில் அப்படியே நடந்தும் இருக்கிறது, கூலி வேலைக்குப் போகிறவனை வேலையை விட்டுவிட்டு வந்து நில் என்று சொல்வது. ஆனால் நல்லபடியாக நடந்த இடங்களில் அது வேறு மாதிரி இருந்தது. "இன்னிக்கி மாத்திர போட்டியாடா தம்பி?" என்று கேட்க ஒரு ஆள் இருந்தது.

இரண்டாவது சிக்கல் சாப்பாடு. இதில் எங்கள் துறையே பல பத்தாண்டுகள் ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டது என்பது என் கருத்து. 1959 முடிவில் ஒரு உண்மை இருந்தது. வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு குறைச்சல், ஆனாலும் மருந்து வேலை செய்தது. இதைப் படித்தவர்கள் "அப்போ சாப்பாடு முக்கியமில்லை, மாத்திரை போதும்" என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். அந்த ஆய்விலேயே எடை நன்றாகக் கூடியது சானடோரியத்தில் நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குத்தான் என்பதும் இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அறுபது வருஷம் கழித்து இதற்குத் திருத்தம் வந்தது. ஜார்க்கண்டில் நாலு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஒரு ஆய்வு. பெயர் "ரேஷன்ஸ்". சென்னை சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் உண்டு. 2,800 காசநோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பை: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். அவர்கள் குடும்பத்தினர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அதில் பாதிக் குடும்பங்களுக்கு மட்டும், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. முடிவு 2023-ல் லான்செட் இதழில் வந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பரிசோதனையில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் கணக்கெடுத்தால் 48 சதவீதம். நோயாளிகளில், முதல் இரண்டு மாசத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்கள் இறக்கும் ஆபத்து, கூடாதவர்களைவிட 61 சதவீதம் குறைவு.

அரிசியும் பருப்பும். தடுப்பூசி கூட இல்லை.

இப்போ அந்த வல்லத்து வீட்டை நினைச்சுப் பாருங்க. குடும்பத்தைக் காப்பாற்ற அந்த அம்மா தட்டை ஒதுக்கி வைத்தார். 1960-லேயே சேத்துப்பட்டு சொல்லிவிட்டது, ஒதுக்கி வைப்பதால் பிரயோஜனம் இல்லை என்று. உண்மையில் அந்தக் குழந்தையைக் காப்பாற்றக்கூடியது எது? மாமன் இருமிய முதல் மாசமே யாராவது சளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால், அது. வீட்டில் எல்லோரையும் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பது. பிறகு வீட்டில் எல்லோர் தட்டிலும் பருப்பு விழுவது. தெரு செய்ததோ, வீட்டைக் காலி பண்ணச் சொல்லி அந்தப் பருப்புக்கான காசையும் பிடுங்கியது.

இதைத்தான் உங்களிடம் கேட்க வந்தேன். உங்க தெருவில், உங்க ஆபீஸில், உங்க வயக்காட்டு வேலையில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் கேளுங்க. "ஏம்பா, சளி டெஸ்ட் கொடுத்தியா?" பலர் போகாததற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை, ஒரு நாள் கூலி. பைக் இருந்தால் காலையில் ஏத்திக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டு, மதியத்துக்குள் கொண்டு வந்து விடுங்க. பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். ரத்தம் கலந்த சளி, இளைத்துக்கொண்டே போவது, சாயங்காலக் காய்ச்சல் இருந்தால் இரண்டு வாரம் கூடக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோய் இருப்பவர், தினமும் குடிப்பவர், ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர் மேல் ஒரு கண் கூடுதலாக வையுங்க.

நோய் உறுதியானால் அந்தச் செய்தி உங்களோடு நிற்கட்டும். ஊர் வாட்ஸப் குரூப்பில் "அனைவரும் ஜாக்கிரதை" என்று போடுவது உதவி இல்லை. ஒரு தடவை அப்படிப் போட்டதால், அதே ஊரில் இருமிக்கொண்டிருந்த இன்னொருவர் பரிசோதனைக்கு வராமலே இருந்துவிட்டார். அவர் எங்களிடம் வந்து சேர்ந்தபோது ரொம்பத் தாமதம்.

நீங்க வீட்டு ஓனர் என்றால் காலி பண்ணச் சொல்லாதீங்க. மருந்து சாப்பிட்டுக்கொண்டு உங்க கண் முன்னால் இருக்கும் நோயாளியால் உங்களுக்கு வரும் ஆபத்து குறைவு. வேறு ஊருக்கு விரட்டினால் மருந்து நடுவில் நிற்கும். பாதியில் நின்ற மருந்துதான் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறுகிறது. அது பரவினால் எல்லோருக்கும் ஆபத்து.

சாப்பாடு. அரசு மாசம் ஆயிரம் ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் போடுகிறது. 2018-ல் 500 ஆக ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து ஆயிரம். வங்கிக் கணக்கு, ஆதார் குளறுபடியால் அது வராமல் நிற்கும் ஆட்கள் உண்டு. படிச்ச பிள்ளைங்க யாராவது கூடப் போய் அதைச் சரி பண்ணிக் கொடுத்தாலே பெரிய காரியம். தனி ஆளோ, கடையோ, மகளிர் குழுவோ ஒரு நோயாளிக்கு ஆறு மாசம் உணவுப் பை கொடுக்கப் பொறுப்பேற்கும் "நிக்ஷய் மித்ரா" ஏற்பாடு 2022-லிருந்து இருக்கிறது. மாவட்டக் காசநோய் அலுவலகத்தில் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பதிவெல்லாம் வேண்டாம் என்றால் முட்டையும் மல்லாட்டையும் வாங்கிக் கொடுங்க. வெளியூர்க்காரர்களுக்கு: மல்லாட்டை என்றால் நிலக்கடலை. எங்க பக்கம் காட்டுக்குக் காடு அதுதான். பிஸ்தா, பாதாம், டப்பா பவுடர் எதுவும் தேவையில்லை. டிவி விளம்பரத்தில் வரும் ஊட்டச்சத்து மாவுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு குடும்பத்துக்கே பருப்பு வாங்கலாம்.

மாத்திரை போட்ட முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு கலரில் போகும். ரத்தம் என்று பயந்து நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்க. கண் மஞ்சளாவது, விடாத வாந்தி என்றால் மட்டும் உடனே டாக்டரிடம்.

கடைசியாக ஒன்று. இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டாலும் சரி. வீட்டு வைத்தியம் நல்லது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். எல்லோருக்கும் அது சரிப்படாது. காசநோய் இறப்புகளில் பெரும்பாலானவை மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு மாசத்தில் நடப்பவை. அதைக் குறைக்க நம் மாநிலத்தில் 2022 ஏப்ரலில் "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" தொடங்கினார்கள். அதில் நாங்கள் முதல் நாளே பார்ப்பது ரொம்பச் சாதாரண விஷயங்கள்: எலும்பும் தோலுமாக இளைத்திருக்கிறாரா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு நிமிஷத்துக்கு 24 தடவைக்கு மேல் போகிறதா, ஆக்சிஜன் 94-க்குக் கீழே இருக்கிறதா, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஆக்சிஜனைத் தவிர மற்ற எதற்கும் மெஷின் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாலேயே பார்க்கலாம். உங்க தெருவில் மருந்து சாப்பிடும் ஒருவர் கைத்தாங்கல் இல்லாமல் நிற்க முடியவில்லை என்றால் "மாத்திரை வேலை செய்யும், பொறு" என்று சொல்லாதீங்க. 108-க்குப் போன் பண்ணுங்க. அவரை நாங்கள் கட்டாயம் படுக்க வைப்போம்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். நிற்கிறான், நடக்கிறான், மூச்சு நன்றாக இருக்கிறது, அதனால் சேர்க்கவில்லை. அம்மாவை உட்கார வைத்து சேத்துப்பட்டுக் கதையை இதே மாதிரி சொன்னேன். பாதி நம்பினார். எங்கள் காசநோய்ப் பிரிவு மேற்பார்வையாளர் அந்த ஊருக்குப் போய், வீட்டுக்காரரிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். முதலில் முடியாது என்றார். பிறகு "பொங்கல் வரைக்கும் இருக்கட்டும்" என்றார். பொங்கல் போய்விட்டது, யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தோம். குழந்தைக்கு நோய் இல்லை, தடுப்பு மருந்து போகிறது.

போன வாரம் பையன் மாத்திரை வாங்க வந்தான். எடை 47. இப்போ எங்க படுக்கிற என்று கேட்டேன். "உள்ளதான் சார். தட்டு மட்டும் இன்னும் தனி. ஆயா கேக்க மாட்டேங்குது" என்றான், சிரித்துக்கொண்டே. வீட்டுக்காரரின் மனைவி ரெண்டு படி மல்லாட்டை கொடுத்தனுப்பியதாகவும் சொன்னான்.

அடுத்த சளிப் பரிசோதனை இந்த மாசக் கடைசியில். முடிவு வந்ததும் கீழே எழுதுகிறேன்.